போன அக்டோபரின் எண்ணெய்

ஈவ்லெத், மினசோட்டா
21 செப்டம்பர் 2014

கொரின்,

முதலில் நீ சிரிக்க வேண்டிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை மார்லிஸின் காருக்கு ஆயில் மாற்றப் போகிறேன் பேர்வழி என்று அடியில் போய்ப் படுத்து, எஞ்சின் ஆயிலுக்குப் பதிலாகக் கியர் பாக்ஸ் ஆயிலை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டேன். தேன் நிறத்தில் பளபளவென்று இறங்கியது. 'ஒரு வருஷம் ஓடின எண்ணெயா இது, மார்லிஸ் மார்லிஸ்தான்' என்று படுத்த வாக்கிலேயே பெருமைப்பட்டுக்கொண்டேன். அப்புறம்தான் நாற்றம் வந்தது. அழுகின முட்டைகள் எல்லாம் சேர்ந்து கூட்டம் போட்ட மாதிரி. பக்கத்து வீட்டு ஆர்வோ வேலி ஓரமாக வந்து நின்று, "டேய் லானி, உள்ள என்னடா செத்துக் கெடக்கு?" என்றான். "என் மானம்தான்" என்றேன்.

அதோடு விட்டேனா? இல்லை. ஆயில்தான் தப்பாகிவிட்டது, ஃபில்டரையாவது கழற்றுவோம் என்று மேலிருந்து கையை விட்டேன். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். எஞ்சினுக்குப் பக்கத்தில், அத்தனை குழாய்களுக்கும் அடியில். விரல் நுனி தொட்டது, பிடிக்க முடியவில்லை. சரி போ என்று இழுத்தால் கை வெளியே வரவும் இல்லை. பனி தள்ளும் லாரியை ஓட்டி ஓட்டி என் கை ரொட்டி மாவு மாதிரி உப்பிவிட்டது என்று மார்லிஸ் சொல்வாளே, அதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். ஓலே எதிரில் உட்கார்ந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு பார்த்தது. பூனைக்குச் சிரிக்கத் தெரியாது என்று யார் சொன்னது? கடைசியில் ஆர்வோ பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி என்னை உருவி எடுத்தான்.

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுவது இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். இந்த வீட்டில் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதுவது அவள் வேலை, தபால் தலையை நக்கி ஒட்டுவது என் வேலை.

ஒவ்வொரு அக்டோபரும் நீ ஃபார்கோவிலிருந்து வருவாய். நீங்கள் இரண்டு பேரும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, காரின் கூரையைத் திறந்து விட்டுக்கொண்டு, ஏரி வரைக்கும் ஒரு கடைசிச் சுற்று போய் வருவீர்கள். பிறகு கேரேஜ் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். நான் எட்டிப் பார்த்தால், "வெளிய போ, இது பொம்பளைங்க விவகாரம்" என்று அவள் விரட்டுவாள். காபி கொண்டுவந்து வைப்பதோடு என் பங்கு முடிந்தது. அதனால் அந்த வேலையில் எனக்கு ஒன்றுமே தெரியாது. பனி விழுவதற்கு முன்னால் காரைக் குளிர்காலம் முழுக்க கேரேஜில் படுக்க வைக்க வேண்டும், பழைய எண்ணெயோடு வைத்தால் எஞ்சினுக்கு ஆகாது என்பாள். அவ்வளவுதான் என் காதில் விழுந்தது.

எப்படிச் செய்வது என்று எழுது. அது போதும்.

பின்னறைச் சோபாவின் மெத்தையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். யார் வந்து படுப்பதற்காகவும் இல்லை. சும்மா, காற்றாடட்டும் என்று.

லானி


ஃபார்கோ
29 செப்டம்பர்

லானி,

காருக்காகப் பதில் எழுதுகிறேன். உனக்காக இல்லை.

கியர் பாக்ஸுக்கு முதலில் எண்ணெய் ஊற்று. பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றி, அந்தத் துளை வழியாக எண்ணெய் வழியும் வரை பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். அதுவரை வண்டியை நகர்த்தாதே. எஞ்சினின் அடித்தொட்டி முன்பக்கம் இருக்கிறது. அதன் பின்புறம் இருக்கும் போல்ட்தான் நீ தேட வேண்டியது. போல்ட்டுக்குப் புது வாஷர் போடு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, ஸ்டாண்ட் வை. அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு நான் வர மாட்டேன்.

ஃபில்டருக்கு மேலிருந்து கை விடாதே. வலது பக்க முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த வழியாகக் கையை விடு. ஸ்பானர் வேண்டாம், மார்லிஸ் எப்போதும் கையால்தான் கழற்றுவாள், கையால்தான் இறுக்குவாள். பழைய ஃபில்டர் வந்ததும் அதன் வாயில் இருக்கும் ரப்பர் வளையமும் கூடவே வந்திருக்கிறதா என்று பார். சில சமயம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதிதை மேலே மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் எல்லாம் தரைக்கு வந்துவிடும். மூளை உள்ளவர்கள் அதை மறப்பதில்லை. புது வளையத்தில் விரலால் கொஞ்சம் எண்ணெய் தடவு. நாலு டப்பா எண்ணெய் பிடிக்கும், ஊற்றிவிட்டு அளவுக்கம்பியைப் பார்.

இவ்வளவுதான். இனி நீ கேட்காமல் கேட்டிருப்பதற்குப் பதில். வர மாட்டேன்.

மார்லிஸ் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் போன ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார். எனக்கு நீ சொன்னது ஜனவரியில். நடுவில் ஒரு அக்டோபரில் நான் உங்கள் வீட்டுக்கு வந்து, உன் காபியைக் குடித்து, உன்னோடு சீட்டு ஆடிவிட்டுப் போயிருக்கிறேன். நீ என் முகத்தைப் பார்த்து ஜோக் சொல்லிக்கொண்டிருந்தாய். பிறகு சவப்பெட்டி பக்கத்தில் நின்று பாதிரியாரிடம் சொன்னாயே, "முப்பது வருஷத்துல முதல் தடவையா நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம இருக்கா" என்று. உனக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

எனக்கு இருந்தது ஒரு தங்கை. அவள் போய்க்கொண்டிருந்தபோது அவளோடு இருக்க எனக்கு ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். ஆறு வாரம் கிடைத்தது.

கொரின்


ஈவ்லெத்
4 அக்டோபர்

கொரின்,

கியர் பாக்ஸ் வேலை முடிந்தது. ஆர்வோவின் பம்ப், ஆர்வோவின் கை, ஆர்வோவின் வசவு. "இத்தனை வருஷம் லாரி ஓட்டற, ஒரு போல்ட் எது எதுன்னு தெரியல. உன்ன நம்பி இந்த ஊரே ரோட்டுல போகுது" என்றான். "ஊருக்குத் தெரியாத வரைக்கும் நல்லதுதானே" என்றேன். சம்பளமாக, ரூபார்ப் தண்டு போட்டுச் சுடும் அந்த இனிப்பு பார் கேட்டான். மார்லிஸ் மாதிரி வராது என்று சொல்லித்தான் செய்து கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, "நீ சொன்னது சரிதான்" என்றான்.

நீ சொன்னபடி ஸ்டாண்ட் வைத்தேன். சக்கரத்தைக் கழற்றினேன். அந்த வழியாக என் கை போகிறது, ஃபில்டரைப் பிடிக்கவும் முடிகிறது. ஆனால் அது அசையவில்லை. துணி சுற்றிப் பார்த்தேன். ஆர்வோ பார்த்தான். அவன் கை பலம் உனக்குத் தெரியும், குளிர்காலத்தில் மீன் பிடிக்க ஏரி ஐஸில் துளை போடுகிறவன். ம்ஹூம். "இதை எவ இறுக்கினா?" என்று கேட்டான். நான் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ தேடுகிற மாதிரி நின்றேன்.

அதைத்தான் உன்னிடம் கேட்க நினைத்தேன். போன அக்டோபரில் அவளால் ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை. காபிக் கோப்பையை இரண்டு கையால் பிடித்தாள். நீ வந்திருந்தபோது மட்டும் ஒரு கையால் பிடித்தாள், மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு. அப்படிப்பட்டவள் இந்த ஃபில்டரை இப்படி எப்படி இறுக்கினாள்? எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று. அடி போல்ட்டையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன். ஸ்பானரைப் போட்டுத் திருப்பினேன். கறுப்பாக ஒரு சொட்டு வந்து என் கன்னத்தில் விழுந்தது. திரும்ப இறுக்கிவிட்டேன்.

அவள் செய்து வைத்த ஸ்ட்ராபெரி ஜாம் மே மாதம் தீர்ந்தது. ஃப்ரீசரில் அவள் கையால் பெயர் எழுதி வைத்த சூப் டப்பாக்களில் கடைசியை ஜூலையில் சாப்பிட்டேன். டிவியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டே, ருசிகூடக் கவனிக்காமல். கிண்ணம் காலியான பிறகுதான் அது கடைசி என்று தெரிந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் கையால் ஊற்றியது என்று மிச்சம் இருப்பது இந்த எண்ணெய் மட்டும்தான். இதை ஒரு தட்டில் வடித்து, காலிப் பால் கேனில் ஊற்றி, பழைய எண்ணெய் வாங்கும் கடையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதுதான் முறை. எனக்குக் கைதான் வரவில்லை.

நீ எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாதே என்று கேட்டது அவள். "கொரினுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்து தலைமாட்டுல உக்காந்துக்குவா. என் வீட்டுல நானே நோயாளியா நடமாடணும். கிறிஸ்துமஸ் வரைக்கும் விடு" என்றாள். நான் சரி என்றேன். அவள் கேட்டு நான் முடியாது என்று சொன்ன விஷயம் எது, நீயே சொல். நாய் வளர்க்க வேண்டாம் என்றாள், பூனை வந்தது.

சவப்பெட்டி பக்கத்தில் நான் சொன்னது தப்பு. அன்றைக்கு அந்த ஜோக் வராமல் இருந்திருந்தால் என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்திருக்கும். அதை அத்தனை பேர் முன்னால் வரவிடக் கூடாது என்றுதான் இதை விட்டேன்.

லானி


ஃபார்கோ
9 அக்டோபர்

லானி,

ஃபில்டரை இறுக்கியது மார்லிஸ் இல்லை. நான்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. ஆபீஸில் இரண்டு பேர் என்னிடம் ஏதோ கேட்டார்கள், என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை.

போன அக்டோபர், ஏரிக்குப் போய் வந்த பிறகு, வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டோம். அவள் அந்தப் பெரிய பச்சைக் கோட்டைக் கழற்றவே இல்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "இந்த வருஷம் நீ கீழ போ கொரின், எனக்கு மணிக்கட்டு சுளுக்கிடுச்சு" என்றாள். "எப்பவும் நீதானடி மெக்கானிக், நான் எடுபிடி. என்ன, வயசாயிடுச்சா? சோம்பேறி" என்றேன். "ஆமா, சோம்பேறிதான்" என்று சிரித்தாள்.

நான்தான் அடியில் போய்ப் படுத்தேன். நான்தான் எண்ணெயை வடித்தேன். பழைய ஃபில்டரைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் அம்மாவின் கை, சின்னக் கை. அவள் வாளியில் உட்கார்ந்து, இதைத் திருப்பு அதைத் துடை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நல்லா இறுக்கு, கொரின். இன்னும். இன்னும் கொஞ்சம்" என்றாள். கையால் லேசாக இறுக்கினால் போதும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "எதுக்குடி இவ்ளோ?" என்று கேட்டேன். "இருக்கட்டும். கழண்டுடக் கூடாது" என்றாள். நானும் பலத்தைக் காட்டுகிற ஜோரில் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன்.

எண்ணெயை மட்டும் அவள் ஊற்றினாள். நான் டப்பாவின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குளிருக்குக் கை நடுங்குகிறது என்றாள். கேரேஜில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இதுவரை எழுதிவிட்டேன், மீதியையும் எழுதிவிடுகிறேன். கை கழுவும்போது அவள் கோட்டைக் கழற்றினாள். நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "ஏண்டி, எப்படி இவ்ளோ இளைச்சே? சூப்பரா இருக்கே. என்ன சாப்பிடறே, எனக்கும் சொல்லேன்" என்றேன். பொறாமையோடு சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம், நாலு மணி நேரம், நானும் ரொட்டியை விட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

நீ சொல்லவில்லை என்று எட்டு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லியா தெரிய வேண்டும்? கூடப் பிறந்தவள் நான். உன்னைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்த ஃபில்டரை விட்டுவிடு. ஸ்பானரைப் போட்டு நசுக்கி எடுக்காதே, ஆர்வோ ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருகலாம் என்று சொல்வான், விடாதே. எண்ணெயைப் பற்றி எழுதியிருந்தாய். அடுத்த வருஷம் மாற்றுவதற்காகத்தான் அவள் அதை ஊற்றினாள் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

கொரின்


ஈவ்லெத்
12 அக்டோபர்

கொரின்,

உன் கடிதத்தைத் தபால்பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். ஆர்வோ வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன, வரி ஆபீஸா?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். ஜனவரியில் நீ வந்து தங்கியபோது எத்தனையோ பேசினீர்கள், இதைப் பேசவில்லை போலிருக்கிறது.

போன அக்டோபரில் நீ காரைத் திருப்பிக்கொண்டு போனதும், அவள் ஜன்னல் ஓரமாகவே நின்றாள். நீ முனை திரும்பிய பிறகும் நின்றாள். படுத்துக்கொள் என்றேன், கேட்கவில்லை. "லானி, கொரின் என்ன சொன்னா தெரியுமா?" என்றாள். "என்ன, என்னைப் பத்தியா?" என்றேன். "உன்னைப் பத்திப் பேச என்ன இருக்கு. நான் இளைச்சு அழகா இருக்கேனாம். என்ன சாப்பிடறேன்னு கேக்கறா" என்று சொல்லி, சிரித்தாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் சொன்னாள், "ஆகஸ்டுலேர்ந்து என்னப் பாக்கறவங்க எல்லாம் என் முகத்த பாக்கறதில்ல, நோயத்தான் பாக்கறாங்க. நீயும்தான். இன்னிக்கி ஒரு நாள் முழுக்க எனக்கு ஒண்ணுமில்ல. அவ என்ன சோம்பேறின்னு திட்டினா, லானி. எவ்ளோ நல்லாருந்துச்சு தெரியுமா?"

ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. கூட்டிச் சொல்கிற ஆள்தான் நான், உனக்குத் தெரியும். இதில் இல்லை.

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏன் இறுக்கச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவள் திட்டம் போடுகிற ஆள். அந்த ஃபில்டரை என்னாலும் கழற்ற முடியக் கூடாது, ஆர்வோவாலும் கழற்ற முடியக் கூடாது என்று அவள் நினைத்திருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. அப்படி நினைக்காமல் இருந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

வார இறுதியில் பனி வரலாம் என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள். லாரியில் பனி தள்ளும் கத்தியை மாட்டியாயிற்று. எந்த நேரமும் என்னைக் கூப்பிடுவார்கள். கார் இன்னும் ஒரு சக்கரம் இல்லாமல், ஒரு காலைத் தூக்கிக்கொண்ட நாய் மாதிரி நிற்கிறது. அதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பின்னறைச் சோபா மெத்தை காய்ந்துவிட்டது. ஓலேவும் நானும் கட்டிலில் என் பக்கத்து ஓரத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு படுக்கிறோம். பிப்ரவரியிலிருந்து அதுகூட அவள் பக்கம் போவதில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அதுவாகத்தான்.

சனிக்கிழமை ஹாட்டிஷ் செய்யலாம் என்று இருக்கிறேன். உருளைக்கிழங்கு உருண்டை, மாட்டுக்கறி, காளான் சூப், எல்லாம் ஒரே தட்டில் அவனில் வேகும். ஒரு ஆளுக்கு என்று அதைச் செய்ய முடியாது. அவ்வளவு சின்னத் தட்டும் இல்லை.

லானி


ஃபார்கோ
14 அக்டோபர்

லானி,

சனிக்கிழமை காலை வருகிறேன். காரில் எதையும் தொடாதே. மார்லிஸ் ஜாடி திறக்க வைத்திருந்த ரப்பர் துணி சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் இருக்கும், எடுத்து வை. எலி வராமல் இருக்க என்ன வைக்க வேண்டுமோ நான் வாங்கி வருகிறேன். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவேன்.

ஹாட்டிஷில் காளான் சூப்பைக் குறைத்துப் போடு.

கொரின்


ஈவ்லெத்
19 அக்டோபர், ஞாயிறு

கொரின்,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று ஆர்வோவின் போனில் சொன்னாயாம். என் போனுக்கும் மணி அடிக்கும், ஒரு தடவை முயற்சி செய்து பார்.

முதலில் முக்கியமான விஷயம். அடுத்த சனிக்கிழமை நீ மறுபடி வர வேண்டியிருக்கும். காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன், முதலிலேயே எழுதினால் மீதியைப் படிக்க மாட்டாய்.

நான் ஒன்றையும் பார்க்கவில்லை. நீ சக்கரம் இருந்த இடத்தில் தோள்வரைக்கும் கையை விட்டுக்கொண்டு, கன்னத்தை ஃபெண்டர் தகட்டில் சாய்த்துக்கொண்டு அத்தனை நேரம் அசையாமல் இருந்தாயே, அப்போது எலிப்பொறி தேடிக்கொண்டிருந்தேன். கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது, அப்போதும் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்த வாளியில், போட்டிருந்த மார்லிஸின் பச்சைக் கோட்டு எண்ணெயாகிறதுகூடத் தெரியாமல் நீ உட்கார்ந்திருந்தபோது எலிப்பொறி கிடைத்துவிட்டது. ஆனால் மறுபடி தேடினேன்.

எண்ணெய் குளிர்ந்திருந்ததால் மெதுவாக இறங்கியது. நூல் மாதிரி. அதன் பிறகு சொட்டு. அதன் பிறகு எப்போதாவது ஒரு சொட்டு. போதும், போல்ட்டைப் போடலாம் என்று நாம் இரண்டு பேருமே சொல்லவில்லை. அந்த நேரம் முழுக்க நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். பதிவு செய்து வைத்துக்கொள்.

பழைய எண்ணெயை ஃபார்கோவில் ஒரு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லி அந்தப் பால் கேனை உன் காரின் முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டாய். இங்கேயும் வாங்கிக்கொள்கிறார்கள். தெரு முனைக் கடையில். நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. மூடியை மட்டும் இறுக்கமாகப் பார்த்துக்கொள்.

கிளம்பும்போது சொன்னாய், "நான் போனப்புறம் ஸ்டார்ட் பண்ணு. அந்தச் சத்தத்த இன்னிக்கி என்னால கேக்க முடியாது" என்று. சரி என்று தலையாட்டினேன். எனக்கும் முடியாது என்று சொல்லவில்லை.

இன்று காலை, சர்ச்சுக்குப் போவதற்கு முன்னால், சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அதே சத்தம். சாயங்காலம் அவள் கடைக்குப் போய்விட்டு வந்து தெருவில் திரும்பும்போது கேட்குமே, நான் உடனே டிவியை அணைத்துவிட்டு ஏதோ வேலை செய்கிற மாதிரி எழுந்து நிற்பேனே, அந்தச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் மேலே போய், பிறகு கீழே இறங்கியிருக்க வேண்டும். கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை. ஆர்வோ வாசலில் நின்று, "டேய், அணைடா, அணை!" என்று கத்தியதும் அணைத்தேன்.

நாலு டப்பா எண்ணெயும் தரையில் இருந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தோம். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் வளையம் இரண்டு இருந்தது. ஒன்று நேற்று நீ எண்ணெய் தடவி மாட்டியது. இன்னொன்று போன அக்டோபரில் நீ இறுக்கியது, நீயே எழுதினாயே, அதே மாதிரி எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

எண்ணெயை உறிஞ்ச நான் மரத்தூள் எடுக்கப் போன நேரத்தில் ஓலே அந்த எண்ணெயின் நடுவாக நடந்து, வீட்டுக்குள் போய், கூடத்துக் கம்பளத்தைக் கடந்து, கட்டிலில் ஏறி, மார்லிஸ் படுக்கும் பக்கத்தில், அவள் தலையணையில் படுத்துத் தூங்கிவிட்டது. விரித்திருந்தது எங்கள் கல்யாணத்துக்கு நீ தைத்துக் கொடுத்த வெள்ளைப் போர்வை.

லானி